ஐயா மீன் இருபது

நான் எழுதுகிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மீன் துறையில் களப்பணியாளராக இருந்த காலம் முழுவதும் பதிவேட்டில் எண்களை எழுதினேன். வருடத்துக்கு நாலைந்து விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். அந்த விண்ணப்பத்தைக்கூட என் மனைவி வாங்கிப் பார்த்து, "காய்ச்சல்னு எழுதினா போதும், எம்புட்டுக் காய்ச்சல்னு எழுத வேண்டாம்" என்று திருத்தித் தருவாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவன் பணியாளர் மலரில் இத்தனை பக்கத்தை அடைத்துக்கொண்டதற்குப் படிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழியில் பாதி கணினியைச் சேரும். முட்டி தேய்ந்துபோய் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த மறுவருடம் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. பழைய பதிவேடுகளை எல்லாம் அதில் ஏற்றுகிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது ஆய்வாளராக இருக்கும் பெண், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு பதிவேடு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, எந்தப் பக்கத்துக்காக வந்திருக்கிறார் என்று.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா. பாதி என்னோடது."

"ஆவாரங்கண்மாய்னு போட்டுப் பதினெட்டாயிரம்னு எழுதி அடிச்சிருக்கு. கீழே ஆயிரத்து அறுநூறுன்னு இருக்கு. அதுக்குக் கீழே, பிடிக்கத்தக்கது ஆயிரத்து நானூறு. நடுவுல ஐ.மீ. இருபதுன்னு ஒண்ணு. கட்லாவுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் இருக்கு, ரோகுவுக்கு இருக்கு, விராலுக்கு இருக்கு. ஐ.மீ.க்கு இல்ல சார். அயிரை மீனா?"

"அயிரை இல்லம்மா."

"பின்ன?"

சமையலறையில் இருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. "சொல்லிருங்களேன். அந்தப் புள்ள கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுட்டு வந்திருக்கு" என்றாள். நான் வாயால் சொல்லத் தொடங்கி, மூன்று இடத்தில் தடுமாறினேன். ஆய்வாளர், "எழுதியே கொடுத்துருங்க சார்" என்று போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று ஒரு அணையோரப் பண்ணையில் ஆறு மாதம் சேற்றில் நின்றேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். இந்த மூன்றும் கண்மாயில் வளரும், ஆனால் கண்மாயில் குஞ்சு பொரிக்காது, நாம்தான் வருடாவருடம் விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் உள்ள கண்மாய்களும், அவற்றில் வலை போட்டவர்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

குஞ்சு கொண்டுபோவதே ஒரு கூத்து. அப்போது எங்களுக்கு ஜீப் எப்போதாவதுதான் கிடைக்கும். அலுமினியப் பானையில் தண்ணீரும் குஞ்சுமாக எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவேன். தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே இருந்தால்தான் குஞ்சுக்குக் காற்று கிடைக்கும். முதல் தடவை கண்டக்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை உருப்படி?"

"ஆயிரம்."

"அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அக்காதான், "தம்பிக்குக் கை வலிக்கும்லா, செத்த நேரம் நான் கலக்குதேன்" என்று வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கையை விட்டார். அடுத்த ஊர் வந்ததும் பின்சீட்டுக்காரர் முறை கேட்டார். ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கலக்கிவிட்டார்கள். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அன்றுதான்.

இனி ஆசீர்வாதம் சாரைச் சொல்ல வேண்டும். அவர்தான் அப்போது எங்கள் ஆய்வாளர். ஒடிசலான ஆள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் குடை விரிந்திருக்கும், கோபம் வந்தால் மட்டும் மடக்கிவிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். சாதாரணமாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தப்புச் செய்தால் "வாங்க, போங்க". பெரிய தப்பென்றால் "ஐயா". அவர் வாயில் இருந்து "ஐயா" வந்தால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு வேர்த்துவிடும்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணா, காதா?" நீ பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா என்று அர்த்தம். பார்த்திருந்தால் பதிவேட்டு ஓரத்தில் 'கண்' என்று பென்சிலால் எழுதுவார். கேட்டிருந்தால் 'காது'. மடையில் ஒழுக்கு இருக்கிறது, காது. நீர்க்காகம் நாற்பது உட்கார்ந்திருந்தது, கண். "காதும் வேணும்தான். ஆனா காதை வச்சுக் கூட்டல் போடக் கூடாது" என்பார்.

அந்த வருடம், எண்பதுகளின் நடுவில், சிறு கண்மாய்களில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும்படி மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது. தண்ணீருக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது என்று நான் விழித்தேன். ஆசீர்வாதம் சார் மறுநாள் ஒரு மஞ்சள் பையில் புளியங்கொட்டை கொண்டுவந்தார்.

"இதுல எத்தனை இருக்கு?"

"தெரியாது சார்."

"கொட்டாம சொல்லணும்."

இருபது கொட்டையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக் காயவைத்தார். திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு முப்பது கொட்டையை எடுக்கச் சொன்னார். அதில் ஐந்தில் சுண்ணாம்பு இருந்தது.

"ஆறுக்கு ஒண்ணு சுண்ணாம்பு. நாம போட்ட சுண்ணாம்பு இருபது. அப்போ பையில மொத்தம்?"

"நூத்திருவது சார்."

கொட்டி எண்ணினேன். நூற்றுப் பதினேழு இருந்தது. எனக்குக் கண்கட்டு வித்தை பார்த்த மாதிரி இருந்தது. அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு, "மூணு தப்பு. மீன்ல இதைவிடக் கூடத் தப்பும். ஆனா எடுக்கிறவன் கொட்டையைப் பார்த்துப் பார்த்து எடுத்தா எல்லாமே தப்பும். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மீனுக்குச் சுண்ணாம்பு தடவ முடியாது. அடிவயிற்றில் இடப்பக்கத் துடுப்பின் நுனியைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். மீனுக்கு வலியில்லை, நகம் வெட்டுகிற மாதிரிதான். எனக்குக் கிடைத்த கண்மாய் ஆவாரங்கண்மாய். இருபது ஏக்கர் தண்ணீர் நின்றால் அதிகம். பதினொரு குடும்பம் அதில் வலை போட்டுப் பிழைத்தது. வெள்ளைச்சாமி அவர்களுக்குத் தலைவர். அவர் மனைவி செல்லத்தாய், பிடித்த மீனை ராஜபாளையம் சந்தையில் கொண்டுபோய் விற்பார். வெள்ளைச்சாமி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால், செல்லத்தாய் அந்தக் குறையை நிரப்பிவிடுவார்.

நறுக்கும் நாளன்று காலையில் கரையில் இருந்த ஐயனாருக்கு வெள்ளைச்சாமி சூடம் காட்டினார். வலை போடுவதற்கு முன் அது அவர்கள் வழக்கம். மரியாதைக்கு நானும் போய்க் கும்பிட்டேன். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வேலையைத் தொடங்கினேன். இழுவலையில் வந்த மீனை ஒவ்வொன்றாக ஈரத்துணியில் ஏந்தி, துடுப்பை நறுக்கி, தண்ணீரில் விட்டேன். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று வாய்க்குள்ளேயே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருநூறு மீன். முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

வலைக்காரர்கள் வழக்கமாகக் கண்மாய் அதிரப் பேசுவார்கள். அன்று ஒருவரும் பேசவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். செல்லத்தாய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். அரசாங்க வேலைக்கு என்ன மரியாதை கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து மறுபடி வலை. இந்தத் தடவை வருவதில் எத்தனை நறுக்கியது, எத்தனை நறுக்காதது என்று பார்க்க வேண்டும். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். கூடையில் இரண்டு மூன்று செத்துப்போனால் அது வலைக்காரர்கள் குழம்புக்கு. நான் கரையில் வாகை நிழலில் பதிவேட்டோடு உட்கார்ந்துகொண்டேன். இத்தனை பேர் இழுக்கும்போது நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சம். அவர்கள் வலையை ஒதுக்கி, மீனைக் கூடையில் பொறுக்கிப் போட்டு, கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் கூடையை எண்ணினேன்.

மொத்தம் நூற்று எண்பது. நறுக்கிய மீன் இரண்டே இரண்டு.

தொண்ணூறுக்கு ஒன்று. நான் நறுக்கியது இருநூறு. அப்படியானால் பதினெட்டாயிரம் மீன்!

அலுவலகத்தில் ஆசீர்வாதம் சார் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"நாம விட்ட குஞ்சு ஆறாயிரம். பதினெட்டாயிரம் எப்படி?"

"மேலக் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சிருக்கு சார். அந்தத் தண்ணியோட மீன் இறங்கியிருக்கலாம்னு சொல்றாங்க."

"அது காது."

"ஆமா சார்."

"இந்த நூத்தியெண்பது?"

"கண்ணு சார்" என்றேன்.

அதுதான் நான் என் வேலையில் சொன்ன ஒரே பொய். கூடையைப் பார்த்தது கண்தான். வலையைப் பார்க்கவில்லை. அவர் ஓரத்தில் 'கண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது அலுவலகத்தில் ஒரு முறை இருந்தது. மீன் கொஞ்சமாக இருக்கும் சிறு கண்மாயை உள்ளூர் வலைக்காரர்களுக்கே விட்டுவிடுவார்கள். நிறைய இருந்தால் பொது ஏலம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பதினெட்டாயிரம் என்ற எண் மேலிடத்துக்குப் போனதும் ஆவாரங்கண்மாய் ஏலப் பட்டியலில் ஏறிவிட்டது. வெளியூர் குத்தகைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கரையில் நின்று, தண்ணீரை மாப்பிள்ளை பெண் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பதினொரு குடும்பத்துக்கு வேறு கண்மாய் கிடையாது.

ஏலத்துக்கு நாலு நாள் இருந்தது. ராஜபாளையம் சந்தைப் பக்கம் போனவனைச் செல்லத்தாய் பார்த்துவிட்டார். காலியான மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏன் சார், உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?"

"நான் ஒண்ணும் செய்யலியேம்மா. மீன் நிறைய இருக்குன்னுதான் எழுதினேன்."

"இருக்கா? எங்க இருக்கு? எங்க வீட்டு ஆளு இருவது வருசமா அந்தத் தண்ணியில நிக்காரு. அவரு கண்ணுக்குப் படாத மீனு உங்க நோட்டுக்குள்ள எப்படி நீந்துது?"

கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாங்க உங்களுக்கு எம்புட்டு மரியாதை செஞ்சோம். நீங்க நேந்துவிட்ட மீனுல ஒண்ணைத் தொட்டிருப்பமா? வலையில வர வர, கூடையில படாம, தண்ணிக்குள்ளயே விட்டோம்லா? எங்க மருமகன் மதுரைக்காரன், வெவரம் தெரியாம ரெண்டைப் பொறுக்கிப் போட்டுட்டான். அவனை அன்னைக்கே தேங்கா ஒடைக்க வச்சோம்."

"எந்த மீனும்மா?"

"வெளையாடாதீக சார். துடுப்பு வெட்டி விட்ட மீனு. ஐயனாரு மீனு."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டால் அதன் காதில் ஒரு வெட்டுப் போட்டு அவிழ்த்துவிடுவார்கள். அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள், கட்ட மாட்டார்கள். சூடம் காட்டிய கையோடு தண்ணீரில் இறங்கி, வாய்க்குள் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு மீனாகத் துடுப்பை வெட்டி அவிழ்த்துவிட்டால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"என்ன வேண்டுதல்னு நாங்க கேக்கல" என்று செல்லத்தாய் குரலைத் தணித்தார். "கேக்கவும் கூடாது. சொன்னா பலிக்காது. எங்க வீட்டு ஆளு, புள்ளை வரத்துக்கு இருக்கும்னாரு. நான் இல்ல, இந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா டிரான்ஸ்பருக்குத்தான்னேன். ஆனா இருநூறு மீனு நேர்றதுன்னா பெரிய கொறையாத்தான் இருக்கணும்னு எல்லாரும் உங்களுக்காக வருத்தப்பட்டோம். அந்த நன்றிக்குத்தான் எங்க கண்மாயை ஏலத்துக்கு விட்டீகளாக்கும்?"

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மீன் ஏன் கிடைக்கவில்லை என்று குத்தகைக்காரர் அடுத்த வருடம் புலம்புவார், அதோடு முடிந்துவிடும். சொன்னால் என் பொய் மட்டும் இல்லை, அதன்மேல் போட்ட ஆசீர்வாதம் சாரின் கையெழுத்தும் வெளியே வரும். அலுவலக வாசலில் இரண்டு தடவை போய்வந்தேன். மூன்றாவது தடவை அவரே, "வாசலை அளந்தது போதும், உள்ள வாங்க" என்றார்.

சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. கடைசியில், விரித்துக் காயவைத்திருந்த குடையை எடுத்து மடக்கினார்.

"அப்படிங்களா ஐயா."

எனக்கு வேர்த்தது.

"நீங்க எங்க ஐயா உட்கார்ந்திருந்தீங்க?"

"வாகை மரத்து நிழல்ல சார்."

பதிவேட்டை எடுத்தார். 'கண்' என்பதை அடித்து 'காது' என்று எழுதினார். பதினெட்டாயிரத்தையும் அடித்தார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"அப்போ பட்டியல்ல இருந்து எடுத்துரலாமா சார்?"

"எதை வச்சு? அந்த அம்மா சொன்னதுதானே நீங்க சொல்றீங்க. அதுவும் காது. காதை வச்சு காதை அடிக்க முடியாது. வியாழக்கிழமை வலை போடுங்க. நானும் வாறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏலம். அதுக்குள்ள பாத்துச் சொல்லணும்." அவர் எழுதிய பேனாவை மூடினார். "மேலிடத்துக்குக் கடிதம் என் பேர்ல போகும். எண்ணினவர் தப்பு, கையெழுத்துப் போட்டவர் அதைவிடத் தப்பு."

வியாழக்கிழமை காலை கரைக்குப் போனால் ஊரே கூடியிருந்தது. வெள்ளைச்சாமி வலையைத் தொட மறுத்துவிட்டார். சாமி மீனைக் கூடையில் போடச் சொன்னால் போட மாட்டோம், கண்மாய் போனாலும் சரி என்றார். அப்போது அவர் பேசியது அவ்வளவுதான். ஐயனார் கோயில் பூசாரி பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் என்னைச் சாமிக்கு முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, எல்லாரும் கேக்க வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்க நேந்து விட்டீகளா, இல்லையா?"

ஐம்பது அறுபது பேர். என் நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. ஆசீர்வாதம் சார் கோயில் எல்லைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையோடு நின்றார். உதவிக்கு வருகிற முகமாக இல்லை.

"இல்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா!"

"இல்லங்க!"

"அப்போ அன்னைக்கு வாய்க்குள்ள என்னத்த மொணமொணத்தீக?" என்றார் செல்லத்தாய்.

"எண்ணினேன்."

யாரோ ஒருவர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடப் பாவி மனுசா, நாங்க உங்க குடும்பத்துக்காக எம்புட்டு அழுதிருப்போம்!" என்றார்.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நீங்க நேரல, சரி. ஆனா இவுக சாமி மீனுன்னு நெனச்சு விட்டது விட்டதுதான? சாமிக்குன்னு விட்டதைத் திரும்பக் கேக்க முடியாதுல்ல?" என்றார். கூட்டம் ஆமாம் என்றது. வெள்ளைச்சாமி கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஆசீர்வாதம் சார் வாயைத் திறந்தார்.

"பெரியவரே, கோயில் கிடாயை எண்ணுவீங்களா?"

"எண்ணாம? கோயில் கொடைக்கு மொத நாளு வருசா வருசம் எண்ணுவோம்."

"யார் எண்ணுவா?"

"நாந்தான். இன்னது ஒண்ணு, இன்னது ரெண்டுன்னு ஊர் கேக்கக் கூவி எண்ணணும்."

"எங்களுக்கும் அது போதும். நீங்க தண்ணியில இறங்கி எண்ணுங்க. கூடையில போட வேண்டாம்."

பூசாரி ஒரு நிமிடம் சாமியைப் பார்த்தார், ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஆனால் எண்ணியதை உடனே விட்டால் அடுத்த இழுப்பில் அதே மீன் திரும்ப வந்துவிடும். அதற்கு ஆசீர்வாதம் சார் ஒரு வழி செய்தார். தண்ணீருக்குள் நாலு கம்பு நட்டு, சுற்றிலும் அடியிலும் வலைத்துணி கட்டச் சொன்னார். நறுக்கிய மீன் எல்லாம் வேலை முடியும்வரை அதற்குள் நீந்திக்கொண்டு இருக்கும். தண்ணீரைவிட்டு வெளியே வராது. பூசாரி கையை விட்டுப் பார்த்துச் சம்மதித்தார்.

"சாமி மீனுக்கு லாட்ஜு கட்டியாச்சு" என்றார் செல்லத்தாய்.

"நீங்க நிழல்ல இருக்க வேண்டாம்" என்று ஆசீர்வாதம் சார் என்னைப் பார்த்துச் சொன்னார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவரே இறங்கினார். குடை மட்டும் விரிந்திருந்தது. நான் வலையின் மடிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு மீனையும் கண்ணால் பார்க்கும்படி நின்றேன்.

முதல் இழுப்பில் நாற்பது மீன். வெள்ளைச்சாமியின் ஆட்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார்கள். கடைசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பூசாரி கூவினார். ஐயனாரை அவர்கள் ஐயா என்றுதான் சொல்வார்கள்.

"ஐயா மீனு ஒண்ணு!"

நாற்பதுக்கு ஒன்று. இருநூறுக்கு எட்டாயிரம். எட்டாயிரம் என்றாலும் ஏலம்தான். ஆசீர்வாதம் சாருக்கும் கணக்குத் தெரியும். வெள்ளைச்சாமிக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் எங்கள் முகம் தெரிந்தது. அவர் கை வலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தது. நான் கரைப்பக்கம் திரும்பினேன். என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"சார் எண்ண ஆரம்பிச்சுட்டாரு" என்றார் செல்லத்தாய்.

நான் இல்லையென்று சொல்லவில்லை.

இரண்டாவது இழுப்பை வடக்கு மடைப் பக்கம் போட்டார்கள். எழுபது மீன். பூசாரி கூவிக்கொண்டே போனார். "ஐயா மீனு ரெண்டு! ஐயா மீனு மூணு!" கரையில் இருந்தவர்களும் சேர்ந்து கூவத் தொடங்கினார்கள். பதினொன்று வரை போனது. மூன்றாவது இழுப்பில் ஐம்பது. அதில் ஒன்பது. "ஐயா மீனு இருவது!" என்று ஊரே கத்தியபோது மடைப் பக்கம் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

நூற்று அறுபதுக்கு இருபது. எட்டுக்கு ஒன்று. ஆசீர்வாதம் சார் தண்ணீரில் நின்றபடியே பதிவேட்டை வாங்கி எழுதினார். ஆயிரத்து அறுநூறு.

"ஆயிரத்தி அறுநூறா?" என்றார் வெள்ளைச்சாமி. "நான் ஆயிரத்தி ஐநூறுன்னு நெனச்சேன்."

"அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் கத்தரி எடுத்திருக்கவே வேண்டாம்" என்றேன். ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரித்தார்கள்.

"நீங்க எங்க சார் கேட்டீக?" என்றார் அவர்.

கண்மாய் அவர்களுக்குக் கிடைத்துவிடும். ஆனால் ஆறாயிரம் விட்டு ஆயிரத்து அறுநூறுதான் மிஞ்சியிருக்கிறது என்பது சந்தோஷப்படுகிற செய்தி இல்லை. ஆசீர்வாதம் சார் கரையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். வலையில் பெரிய பெரிய விரால் வந்ததே, அவைதான் விரல் நீளக் குஞ்சை எல்லாம் தின்றிருக்கின்றன. முதலில் விராலைப் பிடித்து விற்றுவிடுங்கள். கட்லாவும் ரோகுவும் தை முடியும்வரை வளரட்டும். அடுத்த வருடம் கை நீளக் குஞ்சாகக் கொண்டுவந்து விடுகிறோம். செல்லத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த வருசம் துடுப்பை மட்டும் வெட்டிராதீக" என்றார்.

சாமி மீன் இருபதையும் பூசாரி அவிழ்த்துவிட்டார். ஆசீர்வாதம் சார் பதிவேட்டில் 'ஐ.மீ. இருபது' என்று எழுதி ஓரத்தில் 'கண்' போட்டார். அதற்குக் கீழே, பிடிக்கத்தக்கது ஆயிரத்து நானூறு என்று எழுதினார்.

"ஏன் சார் இருநூறைக் கழிச்சீங்க?"

"இருநூறு ஐயனாருடையது. அதைப் பிடிக்க மாட்டாங்க. பிடிக்காத மீனைப் பிடிப்பாங்கன்னு நான் எப்படி எழுதுவேன்?" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் குரலைத் தாழ்த்தி, "துடுப்பு மூணு நாலு மாசத்துல வளந்துரும். அப்புறம் ஐயனாருக்கே அடையாளம் தெரியாது" என்றார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டியலில் ஆவாரங்கண்மாயை அடித்துவிட்டு மற்ற கண்மாய்களுக்கு ஏலம் நடந்தது. நான் அதற்கு முன்னால் காலை முதல் பஸ்ஸில் போய், கரையில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, முதல் இழுப்பின்போது வேண்டிக்கொண்டபடி ஐயனாருக்கு மூன்று தேங்காய் உடைத்தேன். பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்துவிட்டேன்.